ஆடியில் கொதிக்கும் ஊருக்குப் போகிறவளுக்கு

நம் ஊர் வெயிலுக்கு ஒரு கடைசித் தேதி உண்டு. சித்திரைக் கடைசியில் தொடங்கும் கத்திரி வைகாசி நடுவில் கழிந்துவிட்டால், அதற்குப் பிறகு எவ்வளவு அனல் அடித்தாலும் மனசு பொறுத்துக்கொள்ளும். ஆடி பிறந்ததும் கருமாரியம்மன் கோயிலைச் சுற்றிக் கூழ்ப் பானைகள் வந்துவிடும். சாயங்காலமானால் எங்கோ இடி இடித்து ஒரு மழையும் இறங்கும். நீ போகப்போகிற அமீரகத்து அல் ஐனில் அந்த ஆடிதான் உச்சம். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை வெயில் இறங்கி வராது. அந்த மாதங்களில் ஒரு பகல் 45 டிகிரியைத் தாண்டாமல் போனால் அது நல்ல நாள். அல் ஐன் வட்டாரத்தைச் சேர்ந்த ஸ்வைஹானில் 2025 ஆகஸ்ட் முதல் தேதி 51.8 டிகிரி பதிவானது. ஆகவே அம்மாடி, முதலில் நம் ஊர் நாட்காட்டியைக் கழற்றி வைத்துவிடு. அங்கே வெயில் காலம் வேறு, குளிர் காலம் வேறு, குழந்தை வெளியே ஓடுகிற நேரமும் வேறு.

மாப்பிள்ளைக்கு வேலை உறுதியானதும் எல்லோருமாக ஜூலையிலேயே கிளம்பிவிடலாம் என்று நீ சொல்வதாக உன் அம்மா, என் அண்ணி, போனில் சொன்னார்கள். வேண்டாம் கண்ணு. அந்தச் சமயம் இங்கிருந்து அங்கே போகும் டிக்கெட் மலிவாகத்தான் இருக்கும், ஏனென்றால் பள்ளி விடுமுறைக்கு எல்லோரும் எதிர்த்திசையில் வந்துகொண்டிருப்பார்கள். அந்த மலிவை நம்பி ஐந்து வயதுப் பையனையும் ஒன்றரை வயதுப் பெண்ணையும் 48 டிகிரியில் இறக்கக் கூடாது. வந்து இறங்கிய முதல் நாளிலிருந்து மூன்று மாதம் அடைத்த அறையில் இருக்கும் குழந்தைக்கு அந்த ஊர் மீது பிடித்தமே வராது. அம்மாவுக்கும் வராது.

மாப்பிள்ளை முன்னால் போகட்டும். வீடு பார்க்கட்டும், விசா வேலைகளை முடிக்கட்டும். நீ பிப்ரவரியில் போ. அப்போது அங்கே நம் மார்கழிபோல இருக்கும், குழந்தைகளுக்கு ஸ்வெட்டர்கூடத் தேவைப்படும். நம் பாடத்திட்டப் பள்ளிகள் அங்கேயும் ஏப்ரலில்தான் திறக்கின்றன. பெரியவன் பள்ளிக்குப் போக ஆரம்பிப்பதற்குள் ஊரைப் பார்த்து, பார்க்கில் விளையாடி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பழகிவிடுவான். பிறகு வெயில் வாரத்துக்கு வாரம் ஏறும்போது உடம்பும் கூடவே பழகும். பெரியவர்களின் உடம்பு புது வெயிலுக்குத் தயாராக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். குழந்தைகளுக்கு அதைவிட அதிகம். அந்த அவகாசத்தைக் கொடுப்பது பெற்றவர்கள் கையில் இருக்கிறது.

நான் எந்த உரிமையில் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். 1964இல் அம்பத்தூர் எஸ்டேட் வந்த பிறகு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் லேத், வெல்டிங், ஃபிட்டிங் என்று கைத்தொழில் கற்றார்கள். வளைகுடாவில் எண்ணெய்ப் பணம் புழங்க ஆரம்பித்ததும் அந்தக் கைகள்தான் முதலில் விமானம் ஏறின. உன் மாமாவும் அப்படிப் போனவர். அவர் பின்னால் நானும் போனேன். பெரியவனுக்கு அப்போது உன் பையன் வயது, சின்னவள் இடுப்பில். எங்களுக்கு வழி சொல்ல ஆளில்லை. போனவர்கள் எல்லோரும் தனியாகப் போன ஆண்கள். அவர்களைக் கேட்டால் சம்பளம், ஓவர்டைம், தங்கம் என்ன விலை என்று சொல்வார்கள்; பால் குடிக்கிற பிள்ளைக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டால் முழிப்பார்கள்.

மற்ற எதையும் மறந்தாலும் இதை நினைவில் வை. உனக்கும் மாப்பிள்ளைக்கும் அது சம்பாதிக்கப் போகிற ஊர். உன் ஒன்றரை வயதுக்காரிக்கு அது வெளிநாடு கிடையாது. அவளுக்கு விவரம் தெரியும்போது கண்ணில் படுகிற மண் எதுவோ அதுதான் அவள் ஊர். 'இன்னும் ரெண்டு வருஷம், அப்புறம் ஊருக்குப் போய்விடுவோம்' என்று நாம் சொல்லிக்கொண்டே இருப்போம். அவளுடைய மூன்றாவது வயதும் நான்காவது வயதும் நமக்காகக் காத்திருக்காது. எங்கள் சின்னவள் முதல் விடுமுறைக்கு இங்கே வந்தபோது பாட்டி மடியில் நன்றாகத்தான் இருந்தாள். கொஞ்ச நாள் போனதும் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு 'நம்ம வீட்டுக்கு எப்பம்மா போறோம்?' என்று கேட்டாள். என் மாமியார் இதுதானடி நம்ம வீடு என்றார்கள். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு நாங்கள் அங்கே வாழ்ந்த விதமே மாறியது. அட்டைப் பெட்டியை மேசையாக வைத்திருந்த வீட்டுக்கு மேசை வந்தது. ஜன்னலோரம் ஒரு கறிவேப்பிலைச் செடி வந்தது. நான் அரபியில் நலம் விசாரிக்கக் கற்றுக்கொண்டேன்.

இனி வெயிலுக்கு வருகிறேன். சென்னையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வெயில் புதிதா என்று மாப்பிள்ளை கேட்கலாம். இரண்டும் ஒன்றில்லை. இங்கே காற்றில் ஈரம் இருப்பதால் வேர்த்துக் கொட்டும், சட்டை நனையும், நமக்கே தெரிந்து தண்ணீர் குடிப்போம். அல் ஐன் கடலிலிருந்து தள்ளி உள்நாட்டில் இருக்கிறது. அபுதாபியிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர். அங்கே காற்று உலர்ந்தது. வேர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். பையன் உலர்ந்த சட்டையோடு ஓடிக்கொண்டிருப்பான், உடம்பில் நீர் வற்றிக்கொண்டிருக்கும். குழந்தைக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம், வேர்ப்பது குறைவு; அதனால் வெளிச் சூடு பெரியவர்களைவிட வேகமாக உள்ளே ஏறும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதே. மணிக்கொரு தரம் நீயே தம்ளரை நீட்டு. சிறுநீரின் நிறத்தைப் பார். அடர் மஞ்சளாக இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் போதவில்லை. டயப்பர் நெடுநேரம் நனையாமலிருந்தால் சும்மா விடாதே. விளையாடுகிற பிள்ளை திடீரென்று சோர்ந்து உட்கார்ந்தாலும், தலைவலி, குமட்டல் என்றாலும் உடனே குளிர்ந்த இடத்துக்குக் கூட்டிவந்து ஈரத்துணியால் துடைத்து ஓ.ஆர்.எஸ். கொடு. உடம்பு கொதித்து, கூப்பிட்டால் பதில் சரியாக வரவில்லை என்றால் கைவைத்தியம் பார்க்காதே, ஆம்புலன்ஸைக் கூப்பிடு. அங்கே எண் 998.

உன் தோழி கைக்குழந்தையோடு வருவதாகச் சொன்னாயே, அவளிடமும் இதைச் சொல். ஆறு மாதம் ஆகாத, தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கு அந்த வெயிலிலும் தனியாகத் தண்ணீர் கொடுக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனமே அப்படித்தான் சொல்கிறது. குழந்தைக்கு அடிக்கடி பால் கொடுக்க வேண்டும், அம்மா நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நம் வீட்டில் ஆயிரம் வருஷமாக வெயிலுக்குச் சமைத்தார்கள். மோர், கேழ்வரகுக் கூழ், பழைய சோறு, வெள்ளரிப் பிஞ்சு, நுங்கு. இதில் நுங்கு தவிர மற்றதெல்லாம் அங்கேயும் உன் அடுப்பங்கரையில் நடக்கும். கேழ்வரகு மாவும் முருங்கைக்கீரையும் அங்கே சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். பள்ளிக்குப் போகும் பையனுக்கு ஜூஸ் டப்பாவுக்குப் பதில் உப்புப் போட்ட மோரைப் பழக்கு. அங்கே 'லபன்' என்று மோரைக் கடைகளில் விற்பார்கள், அரபிப் பிள்ளைகளும் அதைத்தான் குடிக்கும். வகுப்பில் அவனுக்கு அது கூச்சமாக இராது.

எங்களைக் காப்பாற்றியது கடிகாரம். கோடையில் அந்த ஊர் நாளை இரண்டு துண்டாக வெட்டிவிடும். சூரியன் காலை ஐந்தேமுக்காலுக்கெல்லாம் வந்துவிடும். எட்டரைக்குள் வெளிவேலை முடிய வேண்டும். அதன் பிறகு மக்ரிப் பாங்கு சொல்லும் ஏழு மணி தாண்டும்வரை குழந்தைகள் உள்ளேதான். மாலை ஐந்து மணிக்கு வெயில் தாழ்ந்ததுபோலத் தோன்றும். பகலெல்லாம் குடித்த சூட்டைத் தார்ச்சாலையும் சுவரும் அப்போதுதான் வெளியே விடும். பார்க்கின் சறுக்குமரத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்க்காமல் பிள்ளையை ஏற்றாதே. இரவு எட்டு மணிக்குப் பார்க்குக்குப் போனால் ஊரே அங்கிருக்கும். பாய் விரித்து, சாப்பாட்டைப் பிரித்து, பாட்டிகள் முதல் கைக்குழந்தைகள்வரை. முதல் தரம் பார்த்தபோது ஏதோ திருவிழா என்று நினைத்தேன். அவர்களுடைய சாதாரண சாயங்காலம் அது.

ஆனால் பள்ளிப் பேருந்து விடியற்காலையிலேயே வந்து நிற்கும். இரவு பத்துக்குத் தூங்கினால் காலை ஐந்தரைக்கு எழ முடியுமா? மதியத் தூக்கம்தான் வழி. நம் ஊரில் மூன்று வயதானதும் மதியத் தூக்கத்தை விட்டுவிடுகிறோம். அங்கே பத்து வயதுவரை விடாதே. பள்ளி முடிந்து வந்ததும் சாப்பாடு, திரையை இழுத்து மூடிய அறை, ஒன்றரை மணி நேரம் தூக்கம். கையில் போன் இல்லாமல். வெளியே போக முடியாத அந்த நீண்ட பகலைப் போனிடம் ஒப்படைத்துவிட்டால் பிள்ளை பிறகு உன்னிடம் திரும்பி வராது. உள்ளே செய்ய வேலை கொடு. எங்கள் வீட்டில் பருப்பு புடைப்பது, பூண்டு உரிப்பது, துணி மடிப்பது எல்லாம் பிள்ளைகள் வேலை. வாரம் ஒருநாள் நடுக்கூடத்தில் படுக்கை விரிப்பைக் கட்டிக் கூடாரம் போட்டுக் கொடுப்பேன். மால் இருக்கிறது, போகலாம்; ஆனால் மாலையே குழந்தையின் விளையாட்டு மைதானமாக்கிவிட்டால் ஆசைக்கும் விலைச்சீட்டுக்கும் நடுவில் பிள்ளை வளரும்.

வீடு பார்க்கும்போது மாப்பிள்ளையிடம் சொல், வாடகை மட்டும் கேட்டால் போதாது. படுக்கையறை ஜன்னல் மேற்கே பார்க்கக் கூடாது. ஏ.சி. எத்தனை வருஷத்தது, கெட்டுப்போனால் யார் சரிபார்ப்பது, மின்கட்டணம் யார் தலையில் என்று எழுத்தில் வாங்க வேண்டும். கார் நிறுத்த நிழல் வேண்டும். ஆகஸ்டில் ஏ.சி. நின்றால் இரண்டு குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு ஓட ஒரு வீடு வேண்டும், அதனால் தெரிந்த குடும்பம் பக்கத்தில் இருக்கிற தெருவாகப் பார்ப்பது நல்லது. சில இடங்களில் ஒரு வில்லாவைப் பலகை வைத்துத் தடுத்து ஐந்தாறு குடும்பத்துக்கு விடுவார்கள். வாடகை குறைவு, சட்டப்படி அனுமதி இல்லாதது, தீப்பிடித்தால் வழி இல்லாதது. குழந்தைகளோடு அங்கே குடியேறாதீர்கள்.

குளியலறை விஷயம் ஒன்று உண்டு, யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். கோடையில் மொட்டைமாடித் தொட்டி கொதிக்கும். குளிர்நீர்க் குழாயைத் திறந்தால் கை பொசுங்கும். மே மாதமே ஹீட்டரை அணைத்துவிடு. அது ஏ.சி. ஓடும் வீட்டுக்குள் இருப்பதால் அதில் தேங்கிய தண்ணீர் ஆறியிருக்கும். அப்புறம் சிவப்புக் குறி போட்ட குழாயில்தான் குளிர்ந்த தண்ணீர் வரும். அங்கே இருக்கிற எல்லாக் குடும்பமும் இப்படித்தான் செய்கிறது. குழந்தையைக் குளிப்பாட்டுமுன் வாளித் தண்ணீரில் முழங்கையை வைத்துப் பார்ப்பதை எந்த மாதத்திலும் விடாதே.

ஏ.சி.யை 24க்குக் கீழே இறக்காதே. 46 டிகிரியிலிருந்து 18க்குள் ஓடிவருகிற பிள்ளைக்கு மூக்கும் தொண்டையும் தாங்காது. வறட்டு இருமல் வந்தால் மாதக்கணக்கில் போகாது. வெளியிலிருந்து வந்ததும் வேர்வையைத் துடைத்துச் சட்டை மாற்றிவிடு. வடமேற்கிலிருந்து ஷமால் காற்று அடித்தால் வானம் பழுப்பாகிவிடும், மாவுபோல மண் ஜன்னல் இடுக்கிலெல்லாம் ஏறும். அன்றைக்கு ஈரத்துணியை இடுக்கில் திணித்து வை, மறுநாள் பெருக்காமல் துடைத்து எடு, ஏ.சி. வடிகட்டியைக் கழற்றிக் கழுவு. சின்னவளுக்கு இழுப்பு உண்டே, அவள் மருந்துச் சீட்டு எப்போதும் பையில் இருக்கட்டும்.

சூரியன் இவ்வளவு இருந்தும் அந்த ஊர்ப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைட்டமின் டி குறைவது சகஜம். வெயிலுக்குப் பயந்து உள்ளேயே இருப்பதுதான் காரணம். குளிர்காலக் காலைகளை வீணாக்காதே. குழந்தை மருத்துவரிடம் இதை நீயே கேள்.

கார். இதில் மட்டும் நான் கண்டிப்பானவள். பெட்ரோல் பங்கில் இரண்டு நிமிஷம், கடையில் ரொட்டி வாங்க மூன்று நிமிஷம் என்று குழந்தையைக் காரில் விட்டுப் போகக் கூடாது. மூடிய காருக்குள் ஏறுகிற சூட்டில் பெரும்பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடும், ஜன்னலை விரற்கடை இறக்கி வைத்தாலும் பெரிய மாற்றம் இல்லை. தூங்குகிற குழந்தை கத்தக்கூட மாட்டாது. 2017 ஜூலை முதல் அங்கே நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம், பத்து வயது ஆகாதவர்களை முன்சீட்டில் உட்கார வைக்கக் கூடாது. மீறினால் 400 திர்ஹம் அபராதம். இங்கே பூந்தமல்லி சாலையில் மடியில் வைத்துப் போன பழக்கத்தை விமானம் ஏறும்போதே விட்டுவிடு. நிறுத்தி வைத்த காரின் பெல்ட் கொக்கி பழுக்கக் காய்ந்திருக்கும், அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு வை.

பள்ளிப் பேருந்தில் தூங்கிப்போய், இறங்காததை யாரும் பார்க்காமல், பூட்டிய பேருந்துக்குள்ளேயே போய்ச் சேர்ந்த பிள்ளைகள் வளைகுடாவில் உண்டு. 2022 செப்டம்பரில் கத்தாரில் நான்கு வயது இந்தியக் குழந்தை அப்படி இறந்தது. அந்தச் செய்தியைக் கேட்ட இரவு நான் தூங்கவில்லை. பேருந்து உதவியாளரின் எண்ணை உன் போனில் வைத்துக்கொள். பையன் வகுப்புக்கு வராவிட்டால் உடனே உனக்குச் சொல்லும்படி வகுப்பு ஆசிரியையிடம் முதல் நாளே பேசிவிடு. அவனுக்கும் கற்றுக்கொடு: விழித்துப் பார்த்து யாரும் இல்லையென்றால் ஓட்டுநர் சீட்டுக்குப் போய் ஹாரனை அமுக்கு, கை எடுக்காதே. நம் வீட்டுக் காரிலேயே இரண்டு தரம் பழக்கிவிடலாம். ஹாரன் அடிக்கச் சொன்னால் எந்தப் பிள்ளை வேண்டாமென்னும்?

அந்த வெயிலில் யார் நிற்கிறார்கள் என்பதையும் பிள்ளைகள் பார்க்கட்டும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரை மணியிலிருந்து மூன்று மணிவரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அமீரகத்தில் சட்டம் இருக்கிறது. அந்த இரண்டரை மணி நேரம் போக மீதி நேரம் சாலை போடுகிறவர்களும் கட்டடம் கட்டுகிறவர்களும் வெயிலில்தான். அதில் நம் விழுப்புரத்துப் பையனும் ராமநாதபுரத்துப் பையனும் இருப்பார்கள். மசூதி வாசலிலும் சில வீட்டு மதிலோரத்திலும் யார் வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று குளிர்நீர்க் குழாய் வைத்திருப்பார்கள். நம் தண்ணீர்ப் பந்தலும் அதுவும் ஒரே மனசுதான். உன் வீட்டுக்குப் பார்சல் கொண்டுவருகிறவனுக்குக் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுப்பது பெரியவன் வேலையாக இருக்கட்டும். குளிரூட்டிய வீடு, குளிரூட்டிய பேருந்து, குளிரூட்டிய வகுப்பு என்று வளரும் பிள்ளைக்கு இதை நாம் காட்டாவிட்டால் யாரும் காட்ட மாட்டார்கள்.

அக்டோபர் கடைசியில் ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் காற்று மாறியிருக்கும். அன்றிலிருந்து மார்ச் முடிய அந்த ஊரைப்போல் ஊர் இல்லை. நாற்காலியைத் தூக்கி வெளியே போட்டுவிடுவோம். அல் ஐன் பாலைவனத்து நடுவில் இருக்கும் சோலை. கட்டடங்கள் பெரும்பாலும் நான்கைந்து மாடிக்கு மேல் போகாததால் எங்கிருந்து பார்த்தாலும் ஜபல் ஹஃபீத் மலை தெரியும். நடு ஊரிலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பேரீச்ச மரங்கள் நிற்கிற தோப்பு இருக்கிறது. அதற்குள் ஃபலஜ் என்கிற வாய்க்காலில் தண்ணீர் ஓடும். மலையடிவாரத்து நிலத்தடி நீரை மண்ணுக்கடியில் கால்வாய் வெட்டி, வெயில் குடித்துவிடாமல் ஊருக்குக் கொண்டுவரும் வேலை அது. ஹீலி பக்கம் கண்டெடுத்த ஃபலஜ் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டு பழையது. அந்தச் சோலைகளையும் ஹஃபீத், ஹீலித் தொல்லிடங்களையும் 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மாப்பிள்ளைக்கு ஓய்வு கிடைக்கும் முதல் வாரமே பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் வாய்க்காலில் காலை விடச் சொல். வருஷம் முழுக்க நூறு மில்லிமீட்டர் மழை பெய்கிற இடத்தில் மனுஷன் எப்படித் தண்ணீரைக் காப்பாற்றிக் குடித்தான் என்று, செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு நீ சொல்லிக் கொடுக்கலாம். அந்த ஊர்க்காரர்கள் ஏ.சி. வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே அங்கே பிள்ளை பெற்று வளர்த்தவர்கள். அது வெறும் மணல் என்று குழந்தைகள் காதுபடச் சொல்லாதே.

மழையும் பெய்யும். 2024 ஏப்ரல் 16இல் அல் ஐனைச் சேர்ந்த கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீட்டர் கொட்டியது. 2015 டிசம்பரில் நம் கூவம் எப்படி வந்தது என்று நீ பார்த்தவள், உனக்கு விளக்க வேண்டாம். காய்ந்து கிடக்கும் மலை ஓடையை அங்கே வாதி என்பார்கள். மேகம் இருக்கிற நாளில் வாதிக்குள் காரை இறக்கவோ, கூடாரம் போடவோ கூடாது. மலையில் பெய்த மழை, நீ நிற்கிற இடத்தில் ஒரு துளி விழாமலேயே வந்துவிடும்.

உன்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை விடியலில் போனால் இருட்டி வருவார். ஏழு மாதம் பரவாயில்லை, கோடை ஐந்து மாதம் நான்கு சுவரும் நீயும் இரண்டு பிள்ளைகளும்தான். நம் தெருவில் கதவைத் திறந்தால் நாலு பேர். அங்கே கதவைத் திறந்தால் அனல். எத்தனையோ கெட்டிக்காரப் பெண்கள் அந்த மௌனத்தில் வாடிப்போனதைப் பார்த்திருக்கிறேன். வாடிய அம்மாவிடம் வளரும் குழந்தைக்கு எந்த ஊரும் நல்ல ஊராக இராது. இந்திய லைசென்ஸை அப்படியே மாற்றிக்கொடுக்க மாட்டார்கள், அங்கே வகுப்புக்குப் போய்த் தேர்வு எழுத வேண்டும், பணமும் ஆகும். நகைச்சீட்டு கட்டுவதற்கு முன் அந்தப் பணத்தைக் கட்டு. கார் ஓட்டத் தெரிந்த அம்மாவுக்குப் பாதி ஊர் திறந்துவிடும். உன் பட்டச் சான்றிதழையும் எடுத்துப் போ. சின்னவள் பள்ளிக்குப் போனபின் நீயும் வேலை தேடலாம்.

தமிழ் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதே. அங்கே தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்பதுவரை அரபு கட்டாயம். அதோடு ஆங்கிலம், இந்தி. பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவது ஆங்கிலம். மிச்சம் இருக்கிற இடம் உன் சமையலறை மட்டும்தான். அரபும் நன்றாகப் படிக்கட்டும், வீட்டுக்குள் தமிழை விட்டுவிடாதே. எழுத்துக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் இருக்கின்றன. பேச்சுக்குப் பாட்டி வேண்டும். நாங்கள் கேசட்டில் பேசி, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பினோம். உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் அங்கே வாட்ஸ்அப்பில் செய்தி போகும், படம் போகும், பேச்சு போகாது. போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகளில்தான் பேச முடியும். கிளம்புவதற்கு முன் அண்ணி போனில் அதைப் போட்டு, இங்கே பக்கத்து அறையிலிருந்தே நாலைந்து தரம் கூப்பிடப் பழக்கு. தினமும் இரவு ஒரே நேரத்தில் பாட்டி கதை சொல்லட்டும். அங்கே ஒன்பது மணி என்றால் இங்கே பத்தரை, அண்ணனிடம் சொல்லி வை.

அந்த நாட்டில் எத்தனை வருஷம் இருந்தாலும் அதற்காக நமக்குக் குடியுரிமை கிடைத்துவிடாது. விசா வேலையோடு கட்டியது. பிள்ளைக்கு அது ஊர், சட்டத்துக்கு நாம் விருந்தாளி. இரண்டையும் தலையில் வைத்துக்கொண்டுதான் வாழ வேண்டும். 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது சம்பாதித்த எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாலைவனம் கடந்தவர்கள் நம்மவர்கள். ஜோர்டானின் அம்மானிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை ஏர் இந்தியா கொண்டுவந்து சேர்த்தது. எல்லோருடைய பாஸ்போர்ட், சான்றிதழ், தடுப்பூசி அட்டை, கொஞ்சம் ரொக்கம் ஒரே பையில் கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். உன் பெயரில் இங்கே ஒரு வங்கிக் கணக்கும் இருக்கட்டும். பள்ளிக் கட்டணம் வகுப்பு ஏற ஏற ஏறும், அதை முதல் மாதமே கணக்குப் போடுங்கள்.

பெட்டியில் வைக்கக் கூடாதவை இரண்டு மூன்று. கசகசா ஒரு மணிகூடக் கூடாது, அங்கே அது போதைப்பொருள் பட்டியலில் வரும். அண்ணி அரைத்துக் கொடுக்கிற குருமாப் பொடியில் அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள். வெற்றிலையும் எடுத்துப் போகக் கூடாது, தாம்பூலம் இங்கேயே மாற்றிக்கொள்ளலாம். கோடீன் கலந்த இருமல் மருந்து கூடாது. வேறு மருந்துகளுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். சிலவற்றுக்கு அந்த நாட்டு அரசிடம் இணையத்தில் முன்அனுமதி வாங்க வேண்டும்.

காகித வேலையை இந்த வாரமே தொடங்கு. குடும்ப விசாவுக்கு மாப்பிள்ளையின் சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருக்க வேண்டும், அது அவருக்கு இருக்கிறது. கல்யாணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றிலும் மாநில அரசு முத்திரை, பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம், அங்கே போனபின் அவர்கள் அமைச்சகம் என்று வரிசையாக வாங்க வேண்டும். குழந்தைகள் பாஸ்போர்ட்டில் ஒரே பெயராக விடாதே. குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயரைப் போடு. 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வந்தவர்களை அங்கே தடுத்திருக்கிறார்கள், நம் தமிழ்ப் பெயர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம். சின்னவளின் பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் சேர்க்கவில்லை என்று அண்ணன் சொன்னான். ஒரு வருஷம் தாண்டிவிட்டதால் தாமதக் கட்டணம் உண்டு, கட்டினால் சேர்த்துக் கொடுப்பார்கள். திங்கட்கிழமை காலையிலேயே திருவேற்காடு நகராட்சிக்குப் போய் அதை முடித்துவிட்டு எனக்கு போன் பண்ணு, மற்ற முத்திரைகளுக்கு உன் மாமா கூட வருவார்.